இயந்திரத்தின் நாடி

பெங்களூரில் வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவருக்கு, வண்டி ஒரு நாள் நின்றால் அன்றைய வருமானமும் நின்றுவிடும். மாதத் தவணை நிற்பதில்லை. ஆதலால், இயந்திரம் சீராக ஓடவில்லை என்றவுடன் பொருள்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது அவருக்குக் கட்டுப்படியாகாது. திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் மருத்துவருக்குக் கூறும் வரிசையே இங்கும் பொருந்தும்: நோய் எது, அது எதனால் வந்தது, அதன் பின்னரே மருந்து. இவற்றுள் முதல் இரண்டை வீட்டு வாசலிலேயே பெருமளவு செய்துவிடலாம்.

பெட்ரோல் இயந்திரத்திற்குக் காற்று, எரிபொருள், உரிய நொடியில் ஒரு தீப்பொறி, உருளைக்குள் போதிய அழுத்தம் ஆகியவை வேண்டும். நான்கு உருளைகள் உள்ள கார், ஓடாமல் நிற்கையில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 800 சுற்றுகள் சுழல்கிறது. ஒவ்வோர் உருளையிலும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை எரிதல் நிகழ்வதால், மொத்தம் 1,600 எரிதல்கள். ஓர் உருளை மட்டும் தவறினால் அவற்றுள் 400 இல்லாமற்போகும். தாளம் தப்பிய அந்த நடுக்கத்தையே ஓட்டுநரின் கைகள் உணர்கின்றன. பணிமனையில் இதனை 'மிஸ்ஸிங்' என்பர்.

நடுக்கம் எப்போது வருகிறது என்பதே முதற்கேள்வி. காலைக் குளிரில் மட்டுமா? ஏ.சி. இயக்கும்போதா? ஹெப்பாள் மேம்பாலம் ஏறும்போதா? அடுத்து, இயந்திர எச்சரிக்கை விளக்கு. அது நிலையாக எரிந்தால் விரைவில் சோதிக்க வேண்டும். விட்டுவிட்டு மின்னினால் வண்டியை ஓரங்கட்டுவதே நன்று. எரியாத பெட்ரோல் புகைக்குழாயிலுள்ள வினையூக்கி மாற்றிக்குச் சென்று, அதனை மிகையாகச் சூடேற்றிக் கெடுத்துவிடும். அதன் விலை ஒரு காயிலின் விலையைப் போலப் பன்மடங்கு.

அண்மைக்காலக் கார்களில் ஓட்டுநர் முழங்காலுக்கு மேலே 16 முனைகள் கொண்ட செருகுவாய் ஒன்று உண்டு. அதில் சிறு ஸ்கேனரைப் பொருத்தினால் பிழைக்குறி தெரியும். 'பி 0302' என்றால் இரண்டாம் உருளையில் எரிதல் தவறுகிறது என்று பொருள். ஏன் தவறுகிறது என்பதைக் குறி கூறாது. பலர் ஏமாறும் இடம் இதுவே.

இங்கு எளிய சோதனை ஒன்று உதவும். இயந்திரத்தை நிறுத்தி, நன்கு ஆறவிட்டு, இரண்டாம் உருளையின் காயிலையும் மூன்றாம் உருளையின் காயிலையும் இடம் மாற்ற வேண்டும். குறியை அழித்துவிட்டு மீண்டும் ஓட்டிப் பார்க்க வேண்டும். இப்போது 'பி 0303' என வந்தால், பழுது காயிலோடு நகர்ந்துவிட்டது, காயிலே குற்றவாளி. பழைய குறியே வந்தால் பிளக்கை அவ்வாறே மாற்றிப் பார்க்கலாம். பிளக்கின் முனை இளம்பழுப்பாக இருந்தால் நலம். உலர்ந்த கரி படிந்திருந்தால் எரிபொருள் மிகுதி. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் உள்ளே எண்ணெய் கசிகிறது. (அகராதி இதனைத் 'தீப்பொறிச் செருகி' என்கிறது. ஜே.சி. சாலை உதிரிபாகக் கடைகளில் எம்மொழியில் கேட்டாலும் 'பிளக்' என்றால்தான் கிடைக்கும்.)

கோவையை அடுத்த கலங்கலில் 1893-இல் பிறந்த ஜி. டி. நாயுடு, இளமையில் தாம் வாங்கிய மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பூட்டியே இயந்திரம் கற்றார். 1920-இல் பொள்ளாச்சி – பழனி வழியில் பேருந்தும் ஓட்டினார்.

ஒன்றை மட்டும் எவரும் மீறலாகாது. அடுக்ககங்களின் அடித்தள நிறுத்தத்தில் இயந்திரத்தை ஓடவிட்டுச் சோதிக்கக் கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய இடத்தில் அது உயிரையே பறிக்கும்.

பயிற்சி
1. காயிலையும் பிளக்கையும் இடம் மாற்றிய பின்னரும் 'பி 0302' என்றே வருகிறது. இனி ஐயப்பட வேண்டியவை எவை? காரணத்துடன் எழுதுக.
2. வீட்டில் பழுதுற்ற பொருள் ஒன்றின் குறைகளைப் பணியாளரிடம் கூறுவதுபோல் ஐந்து தொடர்களில் எழுதுக.