வயதுக்கேற்ற கட்டணம்

கேள்வி: வேலைக்குச் செல்லும் தாய்மாரின் குழந்தைகளை என் வீட்டில் பகலில் கவனித்துக்கொள்ள எண்ணுகிறேன். கைக்குழந்தைக்கும் நான்கு வயதுப் பிள்ளைக்கும் ஒரே கட்டணம் வாங்கலாமா?
– ஒரு வாசகி, கண்ணமங்கலம்

பதில்: அது நியாயமாகாது. பாலூட்டவும் துணி மாற்றவும் உறங்கவைக்கவும் சிசுவுக்கு ஒருவருடைய சிரத்தை பகல் முழுவதும் வேண்டியிருப்பதால்தான், பணியிடக் காப்பகங்களுக்கு மத்திய அரசு 2018இல் வெளியிட்ட நெறிமுறைகள், மூன்று வயதுக்குட்பட்டோரில் 10 பேருக்கு ஒரு பணியாளர், மேற்பட்டோரில் 20 பேருக்கு ஒருவர் என்று வகுத்தன; பத்தே அதிகமென்பது என் அபிப்பிராயம்.

ஆகவே மாதச் செலவோடு உங்கள் உழைப்புக்குரிய ஊதியத்தையும் கூட்டி, சிசுவுக்கு இரண்டு பங்கு, பெரிய பிள்ளைக்கு ஒரு பங்கு என்று பிரியுங்கள். மூன்று வயது நிரம்பியவர்கள் அங்கன்வாடிக்கு இலவசமாகவே செல்லலாமாதலால், அவர்களுக்குப் பிற்பகலுக்கு மட்டும் வாங்குங்கள். நாட்கூலி பெறும் தாயிடம் முன்பணம் கேளாமல், குழந்தை வந்த நாளுக்கு மட்டும் பெறுங்கள்.