குறவஞ்சி கண்ட மேடை

போடிநாயக்கனூரை ஒட்டி உயரும் ஏலமலைச் சரிவுகளும் தெற்கே உள்ள குற்றால மலையும் ஒரே மேற்குத் தொடர்ச்சி மலையின் பகுதிகளே. குறத்தி தன் மலைவளத்தைப் பெருமிதத்துடன் எடுத்துரைக்கும் சிற்றிலக்கியம், திரிகூடராசப்பக் கவிராயர் இயற்றிய குற்றாலக் குறவஞ்சி. மலை மணம் கமழும் அந்நூல் 1944ஆம் ஆண்டு கலாசேத்திராவின் முதல் நாட்டிய நாடகமாக மேடையேறியது.

கலாசேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் 1904ஆம் ஆண்டு மதுரையில் பிறந்தவர். உருசிய பாலே கலைஞர் அன்னா பாவ்லோவாவின் நட்பு அவரைப் பாலே பயிலத் தூண்டியது. தாய்நாட்டின் ஆடற்கலையை நாடுமாறு அவரை ஊக்குவித்தவரும் பாவ்லோவாவே. அக்காலத்தில் சதிர் என வழங்கிய அக்கலை சமூகத்தின் இகழ்ச்சிக்கு உள்ளாகியிருந்தது. ருக்மிணி தேவி, மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் அதனைப் பயின்று, 1935ஆம் ஆண்டு பொதுமக்கள் முன் ஆடினார். மறு ஆண்டே அடையாற்றில் கலைப்பள்ளியைத் தொடங்கினார்.

பொருளீட்டும் நாடகக் குழுக்களிலிருந்து இந்நிறுவனம் வேறுபட்டது. இங்குக் கல்வியே முதன்மை. நிகழ்ச்சி அதன் விளைவு. ஆசிரியர்களும் அவர்களிடம் பயின்றவர்களுமே மேடையில் ஆடினர். தனியொருவர் ஆடிய சதிர், பலர் இணைந்து கதையை நிகழ்த்தும் வடிவமாக விரிந்தது. இராமாயணம் ஆறு நாட்டிய நாடகங்களாக உருப்பெற்றது. 1962ஆம் ஆண்டு நிறுவனம் திருவான்மியூருக்கு இடம் பெயர்ந்தது. ருக்மிணி தேவி 1986ஆம் ஆண்டு மறைந்த பின்னரும் பணி தொடர்ந்தது. 1993ஆம் ஆண்டு நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தால் அது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாயிற்று.

இவ்வரலாற்றுக்கு மற்றொரு பக்கமும் உண்டு. பரதநாட்டியம் எனப் பெயர் பெற்று அக்கலை புதிய மதிப்பை அடைந்த காலத்தில், தலைமுறை தலைமுறையாக அதனைக் காத்துவந்த மரபுக் குடும்பப் பெண்கள் பலர் மேடையை இழந்தனர். அம்மரபில் வந்த பாலசரசுவதி, சிருங்காரச் சுவையைக் கலையிலிருந்து விலக்குவதை ஏற்கவில்லை. அது கலையின் உயிர் என வாதிட்டார். ருக்மிணி தேவியோ பக்திச் சுவைக்கே முதன்மை தந்தார். இருவர் கருத்தும் இன்றும் ஆய்வுக்குரியன.

ஒரு கலைக்கு மேடை அமைத்தவரைப் போற்றுவது போலவே, மேடையற்ற நாளில் அதனைக் காத்தவரையும் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். ருக்மிணி தேவிக்குக் கற்பித்த கௌரி அம்மாளும் அக்காவல் மரபில் வந்தவரே.