கடன் அறிக்கையில் பழைய பாக்கிகள்

உழவுத் தொழிலுக்குக் கடன் புதியதன்று. முற்காலத்தில் விவசாயியின் நாணயத்தை ஊரிலிருந்த லேவாதேவிக்காரர் தம் கணக்குப் புத்தகத்தைக் கொண்டே மதிப்பிட்டு வந்தார். அவ்வாறு ஏறிய கடன் சுமையைக் குறைப்பதற்காக 1938-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் இயற்றப்பட்டது. இன்றோ நம் நாணயம் கணினியில் பதிவாகிறது. 2005-ஆம் ஆண்டு மத்திய அரசு இயற்றிய சட்டத்தின்கீழ் நான்கு நிறுவனங்கள் இப்பதிவைப் பராமரித்து வருகின்றன. அவற்றுள் ஒன்றான ‘சிபில்’ பெயராலேயே மக்கள் இவ்வறிக்கையை வழங்குகின்றனர். ஏனைய மூன்று எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்பன.

காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள கிராமங்களில் தந்தை பயிர்க்கடன் பெறுகிறார். தாய் மகளிர் குழுக் கடன் பெறுகிறார். தொழிற்சாலைக்குச் செல்லும் மகன் தவணையில் மோட்டார் சைக்கிள் வாங்குகிறார். அத்தவணைக் கடனுக்குத் தந்தை ஜாமீன் கையெழுத்திட்டிருந்தால், மகன் தவறிய தவணை தந்தையின் அறிக்கையிலும் ஏறிவிடும். பருவத்தில் விதைக்கும் உரத்திற்கும் பணம் தேடும்போதுதான் அது தடையாக வந்து நிற்கும். 2025-ஆம் ஆண்டில் கூட்டுறவுப் பயிர்க்கடனுக்குச் சிபில் அறிக்கை பார்க்கப்படும் என்ற செய்தி எழுந்தபோது விவசாயிகள் சங்கங்கள் ஆட்சேபித்ததற்குக் காரணம் இந்த அச்சமே. ஆகவே இவ்வறிக்கையைப் பற்றி நாம் அறிந்திருத்தல் அவசியமாகும்.

முதலில் செய்யத்தக்கது

நிலத்தை வாங்குமுன் பட்டாவையும் வில்லங்கத்தையும் பார்க்கிறோம். அவ்வாறே கடனுக்கு மனுச் செய்யுமுன் நம் அறிக்கையையும் பார்த்தல் வேண்டும். நான்கு நிறுவனங்களும் ஆண்டிற்கு ஒரு முறை முழு அறிக்கையைக் கட்டணமின்றித் தரக் கடமைப்பட்டவை. அதில் 300 முதல் 900 வரை மதிப்பெண் இருக்கும். மதிப்பெண்ணைவிட, அதற்கு அடிப்படையான கணக்குகளையே நாம் வரிவரியாகப் படிக்க வேண்டும்.

‘குளோஸ்டு’ என்றிருந்தால் கடன் முழுவதும் தீர்ந்தது என்பது பொருள். ‘செட்டில்டு’ என்றிருந்தால் வங்கி குறைந்த தொகையைப் பெற்றுக்கொண்டு சமரசமாக முடித்தது என்பது பொருள். ‘ரிட்டன் ஆஃப்’ என்பதைப் பலர் கடன் தள்ளுபடி என்று எண்ணி மகிழ்கின்றனர். அது பிழை. வங்கி அதனை வராக்கடன் என்று தன் புத்தகத்தில் ஒதுக்கிவைத்ததே அது. 2021-இல் அரசு கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தது வேறு, இது வேறு. இக்கடனை வசூலிக்கும் உரிமை வங்கிக்கு இன்னும் உண்டு.

சில வேளைகளில் வங்கி பழைய பாக்கியைச் சொத்து மறுசீரமைப்பு நிறுவனத்திற்கு விற்றுவிடும். அப்பொழுது நாம் கேள்விப்படாத பெயரில் பாக்கி தோன்றும். ஒரே கடன் இரு பெயர்களில் பாக்கியாகக் காட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்தல் வேண்டும்.

பதிவு தவறாயின்

செலுத்திய கடன் பாக்கியாக இருந்தாலும், பிறர் கடன் நம் பெயரில் இருந்தாலும், ரசீதின் பிரதியை இணைத்து அறிக்கை தந்த நிறுவனத்திற்கோ கடன் கொடுத்த வங்கிக்கோ எழுதலாம். இதற்குக் கட்டணம் இல்லை. வங்கி உறுதி செய்யாமல் அந்நிறுவனம் தானே பதிவை மாற்ற இயலாது. ஆதலின் இருவருக்கும் எழுதுவது நலம். 30 நாட்களில் குறை தீராவிடில், அதன்பின் கழியும் ஒவ்வொரு நாளுக்கும் மனுதாரருக்கு ரூ.100 நஷ்டஈடு தர வேண்டும் என்று 2023-இல் ரிசர்வ் வங்கி ஆணையிட்டது. அது 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. அப்பொழுதும் பயனில்லையெனில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம்.

பாக்கி உண்மையாயின்

இயன்றால் முழுத்தொகையையும் செலுத்துவதே சிறந்தது. இயலாதவர் சமரசம் செய்துகொள்ளலாம். ஆயின் ‘செட்டில்டு’ என்ற பதிவு பின்னர்க் கடன் கேட்கும்போது ஐயத்தை எழுப்பும் என்பதை அறிந்தே செய்தல் வேண்டும். எதுவாயினும் ஒப்புக்கொண்ட தொகையை வங்கியின் கடிதத்தில் எழுத்து மூலம் பெற்ற பின்னரே பணம் செலுத்துக. பணத்தை முகவர் கையில் கொடாமல் கடன் கணக்கிலேயே செலுத்துக. பாக்கியில்லாச் சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துக.

வழக்குத் தொடரும் 3 ஆண்டுக் காலவரம்பு கடந்தால் பதிவும் மறைந்துவிடும் என்று எண்ணலாகாது. கடன் தகவலைக் குறைந்தது 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. மேலும், காலவரம்பு முடியுமுன் பாக்கியை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்திட்டால் அந்த 3 ஆண்டுகள் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். ஆதலின் வசூல் முகவர் நீட்டும் தாளைப் படியாமல் கையெழுத்திடுதல் ஆகாது.

கடன்பட்டவர் மானமிழக்க வேண்டியதில்லை. காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் முகவர்கள் தொலைபேசியில் அழைத்தல் கூடாதென்றும், மிரட்டுதலும் இழிவுபடுத்துதலும் கூடாவென்றும் 2022-இல் ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியது.

‘சிபிலைச் சரிசெய்து தருகிறோம்’ என்று கூறிப் பணம் கேட்போரை நம்ப வேண்டாம். உண்மையான பதிவை எவராலும் அழிக்க இயலாது. தவறான பதிவைத் திருத்தச் செலவே இல்லை.

ஊராட்சி அங்கத்தினர்கள், எழுதப் படிக்க இயலாத விவசாயிகளுக்கு அறிக்கையைப் பெற்றுப் படித்துக் காட்ட ஊர் இளைஞர்களைத் தூண்டுதல் வேண்டும். விதைப்புக்கு இரண்டு மாதம் முன்னரே இதனைச் செய்து முடித்தால், பிழைகள் திருந்தவும் பருவத்தில் கடன் கிடைக்கவும் வழி பிறக்கும்.