கொசுவும் செய்திதான்!

கேள்வி: அறிவியல் செய்தி என்றால் எனக்கு ராக்கெட், செயற்கைக்கோள்தான். பக்கத்து இருக்கை நண்பனோ எந்நேரமும் கொசு பற்றியே பேசுகிறான். அதுவும் ஒரு செய்தியா?
- உயர்நிலைப் பள்ளி மாணவர், லிட்டில் இந்தியா

பதில்: சிங்கப்பூரில் இருந்துகொண்டு இப்படிக் கேட்கலாமா? 2020இல் மட்டும் இங்கே 35,000க்கும் அதிகமானோருக்கு டெங்கி கண்டது. 2016லேயே தேசியச் சுற்றுப்புற வாரியம் ஒரு விந்தையான வழியில் இறங்கியிருந்தது: கொசுவை ஒழிக்கக் கொசுவையே வளர்த்துப் பறக்கவிட்டது.

எல்லாம் ஆண் கொசுக்கள், கடிக்காது. அவற்றின் உடலில் வோல்பாக்கியா என்ற பாக்டீரியா இருக்கும். பழ ஈ, பட்டாம்பூச்சி எனப் பல பூச்சிகளில் அது இயல்பாகவே குடியிருக்கிறது. இந்த ஆணோடு, அந்த பாக்டீரியா இல்லாத, டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் பெண் கொசு இணைந்தால் முட்டை பொரிக்காது. சிக்கலெல்லாம் ஆண், பெண் பிரிப்பதில்தான். அதே பாக்டீரியா உள்ள பெண்ணும் தப்பிக் கலந்துவிட்டால் அதன் முட்டைகள் பொரித்துவிடும், திட்டம் சறுக்கும். ஆணின் கூட்டுப்புழு சற்றுச் சிறியது என்பதால் அளவை வைத்தே பிரிக்கிறார்கள். 2019இல் ஆங் மோ கியோவில் திறந்த வளர்ப்புக்கூடத்தால் வாரத்துக்கு 50 லட்சம் ஆண் கொசுக்கள் வரை தர முடியும். ராக்கெட் ரசிகருக்கும் இந்தப் பொறியியல் பிடிக்கும்!

கேட்டவரிடமும் சரக்கு இல்லாமல் இல்லை. 2015 டிசம்பர் 16 அன்று சிங்கப்பூரின் ஆறு செயற்கைக்கோள்கள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இந்திய விண்வெளி அமைப்பான இஸ்ரோவின் பிஎஸ்எல்வி-சி29 ராக்கெட்டில் ஏறிச் சென்றன. அவற்றுள் கலாசியா என்ற குட்டிக்கோள் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் உருவானது. கொசு நண்பருக்கு இது தெரியுமா என்று கேட்டுப் பார்க்கட்டும்.