உலகப் பேரவையும் ஊர்த்தெருவும்

ஒரு நகரத்தை அமைப்போர் அதன்கண் நெடுங்காலம் வாழ்வதில்லை. நெடுங்காலம் வாழ வேண்டியோர் அதனை அமைக்கும் அவையில் இருப்பதில்லை. இன்று இடப்படும் சாலையும் சாக்கடையும் பல்லாண்டு நிற்கும். அவற்றால் விளையும் நன்மை தீமைகளை நுகரப் போகின்றவர், இப்பொழுது பள்ளியிலும் கல்லூரியிலும் பயில்கின்றவரே. ஆகவே, நகர வளர்ச்சியைக் குறித்து நாடுகள் கூடி ஆராயும் அவைகளில் இளைஞர்க்கு இடமுண்டோ, உண்டெனின் அஃது எத்தகைய இடம் என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

நிலைபெறும் வளர்ச்சி என்பது யாது? நாம் நம் தேவைகளைத் தீர்த்துக்கொள்ளுங்கால், பின்வருவோர் தம் தேவைகளைத் தீர்த்துக்கொள்ளும் ஆற்றலை அழியாது காத்தலே அது. நார்வே நாட்டுப் புருந்துலாந்து அம்மையார் தலைமையில் அமைந்த குழு 1987-இல் தந்த விளக்கத்தின் கருத்து இதுவாம். இதனுள்ளேயே இளைஞரின் உரிமை அடங்கிக் கிடக்கின்றது. என்னை? பின்வருவோருள் முதல்வரிசையில் நிற்பவர் அவரே யாதலின்.

மக்கட் குடியிருப்பைப் பற்றி ஐக்கிய நாட்டுச் சபை மூன்று மாநாடுகள் கூட்டியுள்ளது. அவை 1976-இல் கனடாவின் வான்கூவரிலும், 1996-இல் துருக்கியின் இஸ்தான்புலிலும், 2016-இல் ஈக்வடாரின் கீட்டோவிலும் நடைபெற்றன. இவற்றின் இடையே 1992-இல் ரியோ டி ஜனீரோவில் கூடிய புவி மாநாடு, தன் செயற்றிட்டத்தின் 25-ஆம் அதிகாரத்தைச் சிறுவர்க்கும் இளைஞர்க்குமென வகுத்தது. அம்மாநாட்டிலேயே, செவெர்ன் சுசுக்கி என்னும் 12 வயதுக் கனடா நாட்டுச் சிறுமி அரசுப் பிரதிநிதிகள் முன் நின்று பேசினாள். உலக நகர மன்றம் 2002-இல் நைரோபியில் முதன்முறை கூடிற்று. 2006-இல் வான்கூவரில் அது கூடுமுன்னர் இளைஞர்க்கெனத் தனிக்கூட்டமும் நிகழ்ந்தது.

நிற்க. அவையில் இருத்தல் வேறு, பங்குபெறுதல் வேறு. ரோஜர் ஹார்ட் என்னும் அறிஞர், 1992-இல் யூனிசெப் வெளியிட்ட நூலொன்றில், சிறுவரின் பங்கேற்பை எட்டுப் படிகளையுடைய ஏணியாக உருவகித்தார். பிறர் கருத்துக்குக் கருவியாதல், அழகுக்காக நிறுத்தப்படுதல், பெயரளவில் அமர்த்தப்படுதல் என்னும் கீழ்ப்படிகள் மூன்றும் பங்கேற்பே யாகா என்பது அவர் துணிபு. மேடையில் ஓர் இளைஞனை ஏற்றி, மாலை சூட்டி, கைதட்டி, அவன் கூறியதை மறந்துவிடுவோர் அவனை எந்தப் படியில் நிறுத்தினர் என்பதைக் கூறவும் வேண்டுமோ?

இனி, "பத்தொன்பது வயதினர் நகரமைப்பைப் பற்றி என்ன அறிவர்?" என்று பெரியோர் வினவலாம். அவ்வினா தகாததன்று. அதற்குற்ற விடை நைரோபியில் உள்ளது. குடியிருப்புகளுக்கான ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் தலைமையிடம் அந்நகரமே. அந்நகரிலேயே கிபேரா என்னும் ஏழை மக்களின் நெருங்கிய குடியிருப்பும் உண்டு. எண்ணற்றோர் வாழும் அவ்விடம், நிலப்படங்களில் வெற்றிடமாகவே கிடந்தது. 2009-இல் அங்கு வாழும் இளைஞர் சிலர், இடங்குறிக்கும் சிறு கருவிகளைக் கையிலேந்திச் சந்துதோறும் நடந்து, நீர்க்குழாயும் கழிப்பிடமும் மருத்துவ நிலையமும் பள்ளியும் இருக்குமிடங்களைக் குறித்து, யாவரும் காணத்தக்க படமாக்கினர். படத்தில் இல்லாத தெருவிற்கு விளக்குக் கேட்பது எங்ஙனம்? அவ்விளைஞர் அவைக்குக் கொண்டு செல்லத்தக்க பொருள் ஒன்றைத் தம் கால்களால் ஈட்டினர்.

இதனைப் படித்தபோது யான் நாணினேன். சிலப்பதிகாரத்துப் புகார் நகரின் மருவூர்ப்பாக்கத்தையும் பட்டினப்பாக்கத்தையும் தேர்வில் விரித்தெழுதுவேன். நம் விடுதிக் கழிவுநீர் எங்குச் செல்கின்றது என்பதை அறியேன். ஒரு சனிக்கிழமை மாலை நண்பர் ஒருவரோடு அவ்வாய்க்காலைத் தொடர்ந்து நடந்தேன். அது ஒரு குளத்திற் கலந்தது. கரையில் குடியிருக்கும் பெண்டிர் அந்நீரில் துணி துவைத்துக்கொண்டிருந்தனர். "நீங்கள் எந்தக் கல்லூரிப் பிள்ளைகள்?" என அவருள் முதியவர் ஒருவர் அன்போடு வினவினார். கல்லூரியின் பெயரைச் சொல்ல எங்களுக்கு நா எழவில்லை.

நண்பர்காள்! உலகப் பேரவை நம்மை அழைக்குமாயின் செல்வோம், அழையாவிடினும் கேட்போம். ஆயினும் அங்குப் பேசத் தகுதி தருவது வயதன்று, நம் தெருவைப் பற்றிய மெய்யறிவே. அக்குளத்தின் நிலையை எழுதி விடுதிக் காப்பாளரிடம் ஒப்புவித்துள்ளோம். விடை வரும்வரை மீண்டும் மீண்டும் கேட்பதே எங்கள் முதற்பாடம்.