“குடிக்காதே” என்பதோடு நிறுத்தாதீர்கள்

2023 மே மாதம் செங்கல்பட்டு, விழுப்புரம் மாவட்டங்களில் 20-க்கும் மேற்பட்டோரையும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோரையும் பலிகொண்டது கள்ளச்சாராயத்தில் கலந்திருந்த மெத்தனால். அது ஆலைகளில் புழங்கும் ரசாயனம். சில தின்னர்களிலும் உண்டு. சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் வரை பட்டறைகள் நிறைந்த நம் பக்கத்தில், பிள்ளைகளுக்கு இதை விளக்கிச் சொல்வது அவசியம். மெத்தனால் பார்வைக்கும் வாசனைக்கும் சாராயம் போலவே இருக்கும். உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்கும். அறிகுறி தெரிய 12 முதல் 24 மணி நேரம்கூட ஆகலாம். ஆகவே, “அவன் குடித்தான், நன்றாகத்தானே இருக்கிறான்” என்ற தைரியம் உயிருக்கே உலை வைக்கும். தின்னரைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கத்தையும் இன்றே விடுங்கள்.

பிள்ளைகளிடம் குடியைப் பற்றிப் பேசினால் ஆசை கிளம்பும் என்று சிலர் தயங்குகிறார்கள். நாம் பேசாவிட்டால் நண்பர்கள் பேசுவார்கள், பாதியை மறைத்து. வீட்டிலேயே கொஞ்சம் மது கொடுத்துப் பழக்கலாம் என்பதும் சரியல்ல. மதுவில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. “தப்பு நடந்தால் முதலில் என்னிடம் சொல், திட்டமாட்டேன்” என்று வாக்குக் கொடுங்கள், காப்பாற்றுங்கள். அடிக்குப் பயந்து மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பார்வையைப் பறிக்கும். அப்படி எதையாவது குடித்தது தெரிந்தாலே, பார்வை மங்கும்வரையோ மூச்சு வாங்கும்வரையோ காத்திராமல், வாந்தி எடுக்க வைக்காமல் 108-ஐ அழையுங்கள். குடித்த பாட்டிலையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.