பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு விமானம் செய்வோம்

 

கடந்த கோடை விடுமுறையில், நம் அறக்கட்டளை நூலகத்தில் பள்ளிப் பிள்ளைகள் சிலரோடு அமர்ந்து, ரிமோட்டில் பறக்கும் மாதிரி விமானம் ஒன்றைக் கிட் வாங்கிச் செய்தோம். முதல் நாள் பறக்கவிட்டபோது அது மூக்கைத் தூக்கியது, ஒரு கணம் நின்றது, தரையில் விழுந்தது. ரிமோட்டைப் பிடித்திருந்த ஒன்பதாம் வகுப்பு மாணவனிடம், "அவசரப்பட்டு இழுத்துட்டியே தம்பி" என்று சொல்லிவிட்டோம். அவன் பதில் பேசாமல் வீட்டுக்குப் போய்விட்டான். பிழை அவனுடையது இல்லை என்பது அன்றிரவுதான் எங்களுக்குத் தெரிந்தது. அது என்ன பிழை என்பதை உரிய இடத்தில் சொல்கிறோம். இந்த விடுமுறையில் கிட் வாங்க நினைக்கும் வீடுகளுக்கு இந்தப் பாடம் உதவட்டும்.

1. எந்தக் கிட் வாங்குவது?

தொடங்குபவர்களுக்கு ஏற்றது, இறக்கை உடலின் மேற்புறத்தில் அமைந்த பயிற்சி விமானம். பார்வைக்குப் போர் விமானம் அழகாக இருக்கும். ஆனால் அது பழகிய கைக்கே அடங்கும். பயிற்சி விமானத்தின் இறக்கை நுனிகள் இரண்டும் சற்றே மேல்நோக்கி இருக்கும். காற்றில் ஒரு பக்கம் சாய்ந்தாலும் தானாக நிமிர இந்த அமைப்பு உதவுகிறது.

பெட்டியைத் திறந்ததும் பசையைத் தேட வேண்டாம். முதலில் கையேட்டை முழுவதும் படியுங்கள். பாகங்களைப் பட்டியலோடு ஒப்பிட்டு எண்ணுங்கள். பெரும்பாலான கிட்களில் மோட்டார், பேட்டரி, சர்வோ, ரிமோட் ஆகியவை இருக்காது. அவற்றைத் தனியாக வாங்க வேண்டும். செலவைக் கணக்கிடும்போது இதை மறந்துவிட வேண்டாம்.

2. இறக்கையும் வாலும்

பால்சா மரம் மிக இலேசானது. அழுத்திப் பிடித்தாலே நசுங்கும். வளைவில்லாத பலகை மீது வரைபடத்தை விரித்து, பசை ஒட்டாதிருக்க அதன்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் போட்டு, குண்டூசிகளால் பாகங்களை நிறுத்தி ஒட்டுங்கள். பலகை கோணலாக இருந்தால் இறக்கையும் முறுக்கிக்கொள்ளும். முறுக்கிய இறக்கை விமானத்தை ஒரு பக்கமாகவே இழுத்துச் செல்லும்.

மரத்துக்கு வெள்ளைப் பசை போதும். அது மெதுவாகக் காய்வதால் பிழையைத் திருத்த நேரம் கிடைக்கும். மோட்டார் பொருத்தும் இடம், இறக்கையின் நடு இணைப்பு போன்ற பாரம் தாங்கும் இடங்களுக்கு எபாக்சி பசை நல்லது. நொடியில் ஒட்டும் பசையைப் பெரியவர்களே கையாளட்டும். அதன் ஆவி கண்ணை எரிக்கும் என்பதால் ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

வாலைப் பொருத்தும்போது ஓர் அளவு முக்கியம். வலது இறக்கை நுனியிலிருந்து வாலின் வலது நுனிக்கு ஒரு நூலைப் பிடித்து அளந்துகொள்ளுங்கள். இடது பக்கமும் அதே நீளம் வர வேண்டும். பின்னாலிருந்து பார்த்தால் வாலின் கிடைப்பலகை இறக்கையோடு ஒரே மட்டத்தில் தெரிய வேண்டும்.

9ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் குர்துபா நகரில் வாழ்ந்த அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ், இறகுகள் கட்டிப் பறக்க முயன்ற செய்தியை நம்மில் பலர் கேட்டிருப்போம். அவர் சிறிது தூரம் மிதந்து சென்றார் என்றும், இறங்கும்போது அடிபட்டார் என்றும், பறவைகளுக்கு வால் எதற்கு என்பதைக் கவனிக்காமல் விட்டதே காரணம் என்றும் 17ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் அல் மக்கரீ எழுதியுள்ளார். வாலைச் சிறிய வேலை என்று எண்ணிவிட வேண்டாம்.

3. மின் பாகங்கள்

ரிமோட்டின் கட்டளையை ரிசீவர் வாங்குகிறது. சர்வோ எனும் சிறு மோட்டார்கள் இறக்கை, வால் ஆகியவற்றின் மடல்களை அசைக்கின்றன. சோதிக்கும்போது புரொப்பல்லரைக் கழற்றி வையுங்கள். எதிர்பாராமல் மோட்டார் சுழன்றால் விரலைக் கிழித்துவிடும். முதலில் ரிமோட்டை இயக்குங்கள், பிறகு பேட்டரியை இணையுங்கள். நிறுத்தும்போது முதலில் பேட்டரி, கடைசியில் ரிமோட்.

விமானத்தின் பின்னால் நின்று பாருங்கள். குச்சியை வலப்பக்கம் தள்ளினால் வலது இறக்கையின் மடல் மேலே எழ வேண்டும், இடது மடல் இறங்க வேண்டும். குச்சியை நம் பக்கம் இழுத்தால் வால் மடல் மேலே எழ வேண்டும். மாறியிருந்தால் ரிமோட்டிலேயே திருப்பிக்கொள்ளலாம். ஒருவர் சரிபார்த்ததை இன்னொருவரும் சரிபார்க்கட்டும்.

4. பேட்டரியில் அலட்சியம் கூடாது

லித்தியம் பாலிமர் பேட்டரியின் ஒரு செல் 3.7 வோல்ட். முழுதாக ஏறினால் 4.2 வோல்ட். மூன்று செல் பேட்டரிக்கு 12.6 வோல்ட்டே உச்சம். அதற்கென்று உள்ள சார்ஜரையே பயன்படுத்துங்கள். 2200 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி என்றால் 2.2 ஆம்பியருக்கு மேல் வேண்டாம். சார்ஜ் ஏறும்போது ஆள் அருகில் இருக்க வேண்டும். இரவில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கக் கூடாது. மெத்தை, திரைச்சீலை பக்கத்தில் வைக்காமல் சிமெண்ட் தரையில் வையுங்கள். உப்பிய பேட்டரியை மீண்டும் பயன்படுத்தக் கூடாது. அது தீப்பிடிக்கும்.

5. எடைச் சமநிலை

எங்கள் பிழை இங்கேதான் நடந்தது. பயிற்சி விமானங்களில் எடை மையம் பொதுவாக இறக்கையின் முன் விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில் இருக்க வேண்டும். இறக்கை 20 செ.மீ. அகலமானால் 5 முதல் ஏறக்குறைய 6.7 செ.மீ. வரை. கையேட்டில் தனி அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். பேட்டரி உட்பட எல்லாவற்றையும் பொருத்திய பின், அந்த இடத்தில் இறக்கையின் அடியில் இரு பக்கமும் ஒவ்வொரு விரலை வைத்துத் தூக்குங்கள். விமானம் மட்டமாகவோ மூக்கு சற்றே தாழ்ந்தோ நிற்க வேண்டும். வால் தாழ்ந்தால் பறக்கவிடக் கூடாது. மூக்கு கனத்த விமானம் மந்தமாகப் பறக்கும். வால் கனத்த விமானமோ யார் கைக்கும் அடங்காது.

முன் அறையில் பேட்டரி நுழையவில்லை என்று நாங்கள் அதைப் பின்னால் தள்ளி வைத்திருந்தோம். சமநிலை பார்ப்பதை, அஸருக்குப் பிறகு வெளிச்சம் போய்விடுமே என்ற அவசரத்தில் விட்டுவிட்டோம். இரவில் உடைந்த விமானத்தைக் கட்டி விரல்களில் தூக்கினோம். வால் தொங்கியது. மறுநாள் காலை அந்த மாணவனின் வீட்டுக்குப் போய், அவனுடைய அத்தாவின் முன்னால், "பிழை எங்களுடையது தம்பி" என்று சொன்னோம். முன் அறையின் தடுப்பை அறுத்துப் பேட்டரிக்கு இடம் செய்தவனும் அவனே. இரண்டாம் முறை விமானம் பறந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

6. பறக்கவிடும் இடம்

வீடுகள், மின்கம்பிகள், சாலை, கூட்டம் இல்லாத திறந்த வெளி வேண்டும். காற்று குறைந்த காலை நேரம் நல்லது. காற்றை எதிர்த்தே ஏவுங்கள். முதல் பறப்பில் பழகியவர் ஒருவர் உடனிருக்கட்டும். 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளின்படி நம் நாட்டு வான்வெளி சிவப்பு, மஞ்சள், பச்சை எனப் பிரிக்கப்பட்டுள்ளது. விமான நிலையம் போன்ற இடங்களின் அருகில் அனுமதியின்றிப் பறக்கவிட முடியாது. அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் உங்கள் ஊரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

விமானம் விழுந்தால் கேள்வியை முதலில் விமானத்திடம் கேளுங்கள். எடை, மடல், பேட்டரி மூன்றையும் பார்த்த பிறகு பிள்ளையிடம் பேசலாம். எங்கள் விமானம் நூலக அலமாரியின் மேல் இருக்கிறது. ஒட்டுப் போட்ட மூக்கைப் பார்க்க விரும்பும் பிள்ளைகளை அழைத்து வாருங்கள்.